தூதரின் பழைய பதில்கள்

விருந்தினர் எழுந்து போன பிறகுதான் பேட்டிக்காரருக்குப் பாதி வேலை ஆரம்பமாகும். அவருடைய நிகழ்ச்சிக்கு நிலையம் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு கேமரா. விருந்தினர் பேசும்போது அது விருந்தினரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் கிளம்பியதும் கேமராக்காரர் அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைப்பார். பேட்டிக்காரர் காலி நாற்காலியைப் பார்த்து அதே கேள்விகளை மறுபடி கேட்பார். கேட்டுவிட்டுக் காலி நாற்காலிக்குத் தலையாட்டுவார். எல்லைத் தகராறுக்கு ஒரு ஆட்டல், விலைவாசிக்கு ஒன்று, கலாச்சாரச் சீரழிவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று. பிறகு இரண்டையும் வெட்டி ஒட்டினால் இரண்டு பேர் பேசிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"கொஞ்சம் கவலையா ஆட்டுங்க சார்."

"இது கவலைதான்ப்பா."

"பல்வலி மாதிரி தெரியுது."

நிகழ்ச்சியின் பெயர் ‘உலகம் எங்கே போகிறது?’ எங்கே போகிறதென்று பேட்டிக்காரருக்கும் தெரியாது. வாராவாரம் கேட்டு வைப்பதோடு சரி.

வீட்டில் அவர் தனி ஆள். மகளின் பிரசவத்துக்கு உதவியாக வேறு ஊருக்குப் போன மனைவி, பேத்தி நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. போனில்தான் சிக்கல். "குழந்தையின் உடல்நிலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்பார் இவர். "சளி, அவ்ளோதான். நீங்க எப்படி இருக்கீங்க?" என்பாள் அவள். இவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்: "உங்ககூட பேசினா பேட்டி குடுத்துட்டு வந்த மாதிரி களைப்பா இருக்குங்க. கேட்டுட்டே இருக்கீங்க, ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க." அதன்பின் போன் குறைந்தது. ஆக, ஒரு மனித முகம் எதிரில் உட்கார்ந்து அவரிடம் அரைமணி நேரம் பேசும் ஒரே இடம் அந்த நிகழ்ச்சிதான். அது போனால் எல்லாம் போச்சு.

போகும்போலத்தான் இருந்தது. "ஒரு வாரம் காலியா விட்டீங்கன்னாகூட அந்த நேரத்துல அழகுக் குறிப்பு போட்டுடுவேன் சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மேனேஜர் சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார். மற்ற நிபுணர்களையெல்லாம் பெரிய நிலையங்கள் இழுத்துக்கொண்டுவிட்டன. தேநீர் மட்டும் கொடுக்கும் இந்த நிலையத்துக்கு வர மிஞ்சியிருந்தவர் முன்னாள் தூதர் ஒருவர்தான்.

தூதர் ஒரு காலத்தில், சண்டை சச்சரவு எதுவும் இல்லாத, நல்ல காற்றோட்டமான ஒரு நாட்டில் தூதராக இருந்தவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உலகத்துப் போர்கள் அத்தனைக்கும் கருத்துச் சொன்னார். எப்போதும் அதே நீலக் கோட்டு. எப்போதும் அதே மூன்று முத்துகள்: இதை வரலாற்றுப் பின்னணியில் பார்க்கவேண்டும், இரு தரப்பும் நிதானம் காட்டவேண்டும், அடுத்த சில வாரங்கள் மிக முக்கியமானவை.

எங்கோ ஒரு ஜலசந்தியில் இரண்டு நாடுகள் கப்பல்களை மறித்துக்கொண்டு நின்ற வாரத்தில் தூதர் வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவி எடுத்து, "இன்னிக்கு அவரால வர முடியாது தம்பி" என்று வைத்துவிட்டார். பேட்டிக்காரர் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அழகுக் குறிப்பு கண்முன் வந்து நின்றது.

கேமராக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "அவரு என்ன சொல்வாரோ அதெல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே சார். கோட்டும் அதேதான்."

நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. உறுத்திய நெஞ்சோடு பேட்டிக்காரர் காலி நாற்காலியிடம் ஜலசந்தியைப் பற்றிக் கேட்டார். என்றைக்கோ ஒரு மீன்பிடித் தகராறுக்குத் தூதர் சொன்ன பதிலைக் கேமராக்காரர் எடுத்து ஒட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. அன்று மாலையே ஒளிபரப்பானது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. "வயசானாலும் என்ன கூர்மை சார்" என்றார் மேனேஜர். தூதர் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்லிவிட்டார் என்று ஒரு பேராசிரியர் கண்டனம் எழுதினார்.

மறுநாள் தூதரின் மனைவி போன் செய்தார். "நிகழ்ச்சி பார்த்தோம் தம்பி. ஒரு நடை வீட்டுக்கு வரீங்களா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று பேட்டிக்காரர் மன்னிப்பைப் பல விதமாகத் தயார் செய்துகொண்டு போனார். மாடி வீடு. சுவர் நிறையத் தூதர் யார் யாருக்கோ கைகொடுக்கும் படங்கள். அந்தப் படங்களுக்குக் கீழே, கோட்டு இல்லாமல், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, சாய்வு நாற்காலியில் தூதர்.

"பக்கவாதம், தம்பி. பேச்சு போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. பேச்சும் போயிடுச்சுன்னா அப்புறம் அவருகிட்ட என்னதான் இருக்கு?"

"அம்மா, நேத்து வந்தது... பழைய பதிவு..."

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா இந்த வீட்ல வேற என்ன கேட்டேன்? எந்தப் போருக்கு எந்தப் பதில்னுகூட சொல்லுவேன்."

"நிலையத்துல சொல்லப்போறீங்களா?"

அவர் கேட்டது அந்த அம்மாளின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "படுத்ததுலேருந்து சுவத்தையே பார்த்துட்டு இருந்தாரு. நேத்து தன் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உக்காந்தாரு. உதட்டைக்கூட அசைச்சாரு. அடுத்த வாரமும் போடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

போட்டார். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். உலகத்தில் ஆட்சி கவிழ்ந்தது, நாணயம் சரிந்தது, ஓர் ஓவியத்தைக் கிழித்ததற்காக ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. எல்லாவற்றையும் தூதர் வரலாற்றுப் பின்னணியில் பார்த்தார். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நிதானம் காட்டவேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் போன் செய்து, "உக்காந்தாரு தம்பி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பேட்டிக்காரர் அந்தப் போனுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் கேமராக்காரர் கையை விரித்தார். "தீர்ந்துபோச்சு சார். வேணும்னா முதல்லேருந்து மறுபடி சுத்தி விடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்குத் தெரியும்ப்பா. அவரோட பதில்தானே எல்லாம். திரும்பத் திரும்ப வந்தா தன்னால இனி பேசவே முடியாதுன்னு அவருக்கே புரிஞ்சுடும். வேற ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"மைக் சரிபார்க்கறப்போ பேசினது ஒரு துண்டு இருக்கு. அதுல உலகம் ஒண்ணும் இல்ல சார்."

போட்டுக் காட்டினார். திரையில் தூதர், இன்னும் தூதராகாத முகத்தோடு, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சாதாரணக் குரலில் கேட்டார்: "ஏன் தம்பி இப்படி இளைச்சுட்டீங்க? வீட்ல தனியாவா இருக்கீங்க?"

திரைக்கு வெளியிலிருந்து பேட்டிக்காரரின் குரல் வந்தது: "ஆரம்பிக்கலாமா ஐயா?"

தூதர் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். துண்டு முடிந்தது.

இப்படி ஒன்றைக் கேட்டார் என்பதே பேட்டிக்காரருக்கு நினைவில்லை. கேமராக்காரர் அதை மறுபடி ஓட்டினார். பேட்டிக்காரர் எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனார். "இந்த வாரம் நிகழ்ச்சி இல்ல. அழகுக் குறிப்பு போட்டுக்குங்க."

"சார், அப்புறம் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இல்ல. யோசிச்சா நிகழ்ச்சியையே போட்டுடுவேன்."

மாலையில் பேட்டிக்காரர் அந்த மாடி வீட்டுக்குப் போனபோது தூதர் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். தொலைக்காட்சியில் ஒரு பெண் கண்கள்மீது வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தூதர் அவளைப் பார்த்தார், பேட்டிக்காரரைப் பார்த்தார். அம்மாள் கதவருகிலேயே நின்றார். "என்ன தம்பி, இன்னிக்கு டிவியில இவரு வரலையா?"

பேட்டிக்காரர் முக்காலியை இழுத்துப்போட்டுத் தூதரின் எதிரில் உட்கார்ந்தார். "ஐயா, ஒரு நாள் நீங்க என்னை ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லாம கேள்வியை ஆரம்பிச்சுட்டேன்."

தூதர் அசையாமல் பார்த்தார்.

"என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தை..." என்று தொடங்கிவிட்டுப் பேட்டிக்காரர் நிறுத்தினார். வியர்த்தது. பதில் சொல்வது இத்தனை கஷ்டமான காரியம் என்று எந்த விருந்தினரும் அவரிடம் சொன்னதில்லை. "தனியாத்தான் இருக்கேன் ஐயா. ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் கழுவறேன். பேத்தி நடக்கறாளாம். அவ குரலே எனக்கு இன்னும் சரியா தெரியாது."

திரையில் வெள்ளரிக்காரி வறண்ட சருமத்தைப் பற்றி உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தாள். தூதரின் இடது கை மடியில் எதையோ தேடியது. ரிமோட்டைப் பிடிக்க நேரமாயிற்று. அம்மாள் உதவிக்கு வந்தபோது, கிட்டே வராதே என்பதுபோல் தலையசைத்தார். தட்டுத் தடுமாறிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினார். சத்தம் நின்றது.

பேட்டிக்காரர் மேலே சொன்னார்.