குறை கேட்ட கூட்டம்

அறுபத்தேழு தேர்தலில் எங்கள் கட்சி தோற்றதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மதராஸில் இருந்த பெரிய தலைகளே உருண்டபோது நாங்கள் எம்மாத்திரம். ஆனால் எங்கள் வட்டாரச் செயலாளர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு அப்படி விட முடியவில்லை. அவருடைய சொந்த ஊரிலேயே நாற்பத்தொரு ஓட்டுதான் விழுந்திருந்தது.

அவர் பந்தல்குடியில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் அங்கிருந்து கிழக்கே மூன்று மைல். கட்சி ஆபீசில் கடிதம் எழுதுகிற என்னிடம் தினமும் அதையே கேட்பார்.

"நாப்பத்தொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும் ராமசுப்பு. எல்லாம் என் சொந்தக்காரன். மத்தவுகளுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

மத்தியானம் பாதிச் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நல்ல மனுசன், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சித்திரை மாதம் மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. மக்களிடம் நேரில் போய்த் தோல்விக்குக் காரணம் கேளுங்கள், சொன்னதை எழுதி அனுப்புங்கள் என்று. அண்ணாச்சி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார். நான் முதல் பக்கத்தில் 'மக்கள் சொன்ன குறைகள்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

மக்களிடம் கேட்பதற்கு எங்கள் கட்சிக்குத் தெரிந்த ஒரே வழி, கூட்டம் போட்டுப் பேசுவது. அருப்புக்கோட்டையிலிருந்து மைக்செட் வந்தது, மாலை வந்தது, பேச ஆறு பேர் வந்தார்கள். மேடை வழக்கம்போல அண்ணாச்சியின் சொந்த ஊர் மந்தைவெளியில், நல்ல தண்ணிக் கிணற்றின் மேல். பனங்கட்டைகளைக் குறுக்கே போட்டுப் பலகை பரப்பினால் நாலு தெருவுக்கும் தெரியும்படி அருமையான மேடை. பத்துப் பன்னிரண்டு வருசமாக அங்கேதான் போடுகிறோம். ஒரு தலைவர்கூட உள்ளே விழுந்ததில்லை என்பதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு.

நாலு மணிக் கூட்டம் ஐந்துக்குத் தொடங்கியது. ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரையும் பட்டம் சொல்லி விளித்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஓடிப்போனது. ஒருவர் ஐந்தாண்டுத் திட்டத்தை விளக்கினார். ஒருவர் நன்றிகெட்ட உலகத்தை நினைத்து அழுதார். குறை சொல்ல ஊரில் ஒருவரையும் கூப்பிடவில்லை. என் நோட்டில் சிவப்பு எழுத்துக்குக் கீழே ஒரு வரி இல்லை. எரிச்சலாக வந்தது.

ஆனால் கூட்டம் சேர்ந்தது. அதுவும் பெண்கள். முதலில் இருபது பேர், பிறகு ஐம்பது, பிறகு மந்தை கொள்ளாமல். எல்லார் இடுப்பிலும் ஒரு குடம்.

மாவட்டத்திலிருந்து வந்த தலைவர் பொன்னுச்சாமி, எங்கள் அண்ணாச்சியின் காதோரம் குனிந்தார். "தாய்மாரு திரும்பி வந்துட்டாக, பாத்தீகளா. பூரண கும்ப மரியாதையோட நிக்கிறாக."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அண்ணாச்சி அன்றுதான் சிரித்தார். அந்தச் சந்தோசத்தில், பேசி முடித்த ஆறு பேரையும் இன்னொரு சுற்றுப் பேசச் சொன்னார். கீழே பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

பொழுது சாயும் நேரம். தாகம் தாங்காமல் நான் கீழே இறங்கி, முன்னால் நின்ற ஒரு அம்மாளிடம் தண்ணீர் கேட்டேன். சந்தனம்மாள் என்று பெயர், களையெடுக்கப் போகிறவள். குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"கிணத்து மேல நீங்கதான ஒக்காந்திருக்கீக" என்றாள். "எப்ப எந்திரிப்பீகன்னுதான் நிக்கிறோம். ஓட்டு சமயத்துலயும் இப்படித்தான் போட்டுட்டு ஒரு வாரமாப் பிரிக்காம விட்டீக. ரெண்டு மைலு போயி ஊருணியில கலங்கத் தண்ணி மோந்தோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, தாயி?"

"யாருகிட்டச் சொல்ல? எல்லாரும் பேசிக்கிட்டுல்ல இருந்தீக."

அவர்கள் எங்கே கூட்டம் போட்டார்கள் என்று கேட்டேன். அவர்கள் என்றால் ஜெயித்தவர்கள். டீக்கடை முன்னால் ஒரு கட்டை வண்டியை நிறுத்தி, அதன் மேல் நின்று பேசிவிட்டுப் போனார்களாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நோட்டில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து மேடைக்கு நீட்டினேன். மேடைக்கு வருகிற சீட்டு எதுவானாலும் மைக்கில் வாசித்துவிடுவது அண்ணாச்சியின் நெடுநாள் பழக்கம். நன்கொடைச் சீட்டு என்று நினைத்தாரோ என்னவோ, கணீரென்று வாசித்தார்.

"தேர்தலின்போது கிணற்றை மூடி மேடை போட்டதால் இவ்வூர்ப் பெண்கள் ஏழு நாள்..."

அதோடு குரல் நின்றது. தாளைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், கடைசியில் குனிந்து தன் காலடிப் பலகையைப் பார்த்தார். பிறகு மைக்கிலேயே மெதுவாகக் கேட்டார். "ஏழு நாளா?"

"எட்டு" என்றாள் சந்தனம்மாள்.

அண்ணாச்சி மாலையைக் கழற்றி மைக்கில் மாட்டினார். கீழே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தலைவர் கொஞ்சம் எந்திரிக்கணும்" என்று பொன்னுச்சாமியை எழுப்பி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இறக்கிவிட்டு முதல் பலகையை உருவினார். நான் மறுமுனையைப் பிடித்தேன். கட்டைகளை எடுத்து முடித்ததும் பெண்கள் யாரும் கைதட்டவில்லை. வாளிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஒரே குறையை எழுதி மாவட்டத்துக்கு அனுப்பினோம். பதினைந்து நாளில் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்டுள்ளது தோல்விக்கான காரணமாகத் தெரியவில்லை. அரசியல் காரணங்களை மட்டும் எழுதி அனுப்பவும்.'

அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதை வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.