முதலில் அப்பாவுக்கு

"மெதுவா, மெதுவா! சுவரைப் பேத்துடாதே" என்று ஐசில்டா அத்தை கத்திக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு முனை அவள் கையில் இருந்தது, மறுமுனை பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஓரல் கையில். ஜன்னலோரம் கிடந்த கட்டில் அறையின் நடுவரை வந்துவிட்டது. முற்றத்தில் ஆட்டுக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த ஷெர்னெட் கரண்டியோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அத்தை, இருட்டற வரைக்கும் விடுங்க. இன்னிக்குள்ள போன்ல கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க."

"கூப்பிடறவங்க உன்னைக் கூப்பிடுவாங்களா, கட்டிலைக் கூப்பிடுவாங்களா? நகருடி. குழம்பு அடிபிடிக்கப் போகுது."

ஓரல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பாரம் அவன் கையில்தான் இருந்தது. "யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்கம்மா. எனக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

முடிவு பண்ணியது அத்தைதான். அம்மா இல்லாத அந்த வீட்டில் ஷெர்னெட்டின் பத்து வயதிலிருந்து அத்தை வைத்ததுதான் சட்டம். கட்டில் எதிர்ச்சுவருக்குப் போயிற்று. அலமாரி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. மெத்தையைப் புரட்டிப் போட்டார்கள். அன்று ஷெர்னெட்டின் அப்பா லின்வல் செத்து ஒன்பதாம் இரவு. செத்தவர் கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வந்து, தன் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, எல்லாரையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிற இரவு. வருகிறவருக்குத் தன் அறை அடையாளம் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் இங்கேயே தங்கிவிடுவார், மேலே போகமாட்டார். இதெல்லாம் ஷெர்னெட்டுக்கும் தெரியும். ஆனால் அப்பாவுக்குச் சொல்ல ஒரு சேதி பாக்கி இருந்தது, அந்தச் சேதியே இன்னும் வந்து சேரவில்லை.

பயாலஜியில் அவள் வாங்கியது நாலாம் தரம். ஒன்றோ இரண்டோ மூன்றோ வாங்கினால்தான் நர்ஸிங் பள்ளியில் சேர்ப்பார்கள். ரிசல்ட் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. லின்வல்தான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாலுன்னா என்ன இப்போ? என் வண்டிக்கும் நாலு சக்கரம்தான். ஓடலையா?" என்றார். மறுநாள் டாக்ஸியை ஓட்டத்துக்கு எடுக்காமல் அவளை ஏற்றிக்கொண்டு கிங்ஸ்டனுக்குப் போனார். பள்ளியில் சேர்க்கையைப் பார்த்துக்கொள்கிற மிஸஸ் டக்கர் வெளியே வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு வழி சொன்னார். ஒரு பருவம் முழுக்கச் சனிக்கிழமை வகுப்புக்கு வரட்டும், கடைசியில் பள்ளி வைக்கிற பரீட்சையில் தேறினால் அந்த நாலை மறந்துவிடுகிறோம்.

அதன்பிறகு லின்வலின் டாக்ஸி டாக்ஸியாகவே இல்லை. ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால்தான் மொரான்ட் பே ஸ்டாண்டிலிருந்து அவர் வண்டியைக் கிளப்புவார். கிளம்பியதும் முன்சீட்டில் ஷெர்னெட் பாடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் தடுமாறினால் பின்சீட்டில் கேள்வி போகும். மார்க்கெட்டில் கிழங்கு விற்கிற மெர்லின் முதலில் திட்டினாள். "அண்ணே, நான் காசு குடுத்து வர்றது வீட்டுக்குப் போக. பள்ளிக்கூடம் போகன்னா சின்ன வயசுலயே போயிருப்பேன்." ஒரு மாதத்தில் அவளே, "நேத்து ஈரலோட நிறுத்தினோம், இன்னிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டு ஏறினாள். அந்தத் தடத்தில் போகிற பாதிப் பேருக்கு இதயத்தின் அறைகள் அத்துப்படி.

பரீட்சை முடிந்தது. முடிவைத் தெரிவிக்கப் போன் நம்பர் கேட்டபோது லின்வல் தன் நம்பரைத்தான் கொடுத்தார். "உன் நம்பர் குடுத்தா நீ பயந்துக்கிட்டு எடுக்கவே மாட்டே. முதல்ல எனக்குத் தெரியட்டும்." மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னல். அங்கேதான் போனை வைத்துக்கொண்டு தூங்குவார்.

போன வாரம் புதன்கிழமையை அவளால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை, நினைத்துத் தீரவுமில்லை. ஸ்டாண்டில் வண்டி நிறையும்வரை ஸ்டியரிங்கில் தலைசாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போடுவது அவர் வழக்கம். அன்றும் சாய்ந்திருந்தார். ஏறியவர்கள் பாவம், தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மெர்லின் தன் கூடைத்துணியால் அவர் கழுத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டியிருக்கிறாள். ஐந்தாவது ஆள் ஏறிக் கதவைச் சாத்தியதும், "அண்ணே, வண்டி நிறைஞ்சாச்சு" என்று அவர் தோளைத் தொட்டவளும் அவள்தான்.

"அத்தை, அப்பா போன் எங்கே?" ஷெர்னெட் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஜன்னல் விளிம்பைத் தடவினாள்.

"கட்டி மேலே வெச்சாச்சு." அலமாரியின் தலையில் ஒரு துணிமூட்டை. சட்டை, தொப்பி, செருப்பு எல்லாம் அதற்குள். "அவன் சாமானைப் பார்த்தா அவனுக்கு ஆசை வரும். விடியறதுக்கு முன்னால முடிச்சை அவிழ்க்கக் கூடாது."

"போனைப் பார்த்தா அப்பாவுக்கு ஆசையா வரும்? எனக்கு அந்தப் போன் வேணும் அத்தை!"

"உன் அப்பன்தான்னாலும் எனக்குத் தம்பி அவன். ஒழுங்கா அனுப்பி வைக்கணும்னு எனக்கு மட்டும் இல்லையா?" அத்தையின் குரல் உடைந்தது. உடனே கோபத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "போ, ரொட்டியை வெட்டு. ஆளுங்க வந்துட்டாங்க."

முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே டாமினோக் கட்டைகள் மேஜையில் அறைபட ஆரம்பித்திருந்தன. லின்வலுக்கென்று தனியாக ஒரு சின்ன மேஜை. அதில் பொரித்த மீன், ரொட்டி, ஒரு கிளாஸ் வெள்ளை ரம். அவர் வந்து போகும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். மெர்லின் பலகாரத் தட்டோடு வாசல்படி ஏறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காரின் ஹாரன் கேட்டது.

லின்வலின் கார் ஹாரன். இழுத்து ஒன்று, குட்டியாய் இரண்டு.

டாமினோ நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் ரோட்டுப் பக்கம் திரும்பின. ரோட்டில் யாரும் இல்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து, அலமாரியின் தலைமேலிருந்து வந்தது. தன் வண்டி ஹாரனையே பதிவு செய்து போன் மணியாக வைத்திருந்தார் மனிதர்.

ஷெர்னெட் நாற்காலியை இழுத்தாள். அத்தை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதே! சாவு வீட்டுல யார் கூப்பிட்டாலும் மூணு தடவை கூப்பிட்டாத்தான் பதில் சொல்லணும். முதல் தடவையே பதில் சொன்னவங்க யாரும் நல்லா இருந்ததில்லை."

"அது பள்ளிக்கூடம் அத்தை!"

"பள்ளிக்கூடமா இருந்தா மூணு தடவை கூப்பிடட்டும்."

ஹாரன் ஓய்ந்தது. வாசலில் மெர்லின் தட்டோடு சிலையாக நின்றாள். ஒரு மகளுக்கு வருகிற சேதி இப்படி அலமாரி மேல் கிடந்து கூவுவதையும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவள் நிற்பதையும் மெர்லினால் தாங்க முடியவில்லை. "ஐசில்டா அக்கா, திருப்பிக் கூப்பிடவாவது விடுங்களேன்."

"அவன் போன்ல என்னிக்குக் காசு இருந்தது?" என்றாள் அத்தை.

மறுபடி ஹாரன் அடித்தது. ஷெர்னெட் அத்தையின் பிடியிலிருந்து திமிறவில்லை. அப்படியே நின்று அழுதாள். "நல்லதோ கெட்டதோ முதல்ல உங்களுக்குத்தான் தெரியும்னு அப்பாகிட்ட சொன்னேன் அத்தை. அவர் இன்னிக்கு வந்துட்டுப் போயிட்டா, அப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள்.

"மத்தியானம் ஒரு தடவை அடிச்சுது" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"நீ தண்ணி எடுக்கப் போயிருந்தே. அடிச்சுது. நான்தான் சொல்லல. அதோட சேத்தா இது மூணு." சொல்லிக்கொண்டே, ஹாரன் ஓய்வதற்குள் நாற்காலியில் ஏறி மூட்டையை இறக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். மத்தியானம் முழுக்க அந்த அறையில் தரை மெழுகிக்கொண்டிருந்த ஓரல் வாயைத் திறந்தான். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஷெர்னெட் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"மிஸ்டர் ஸ்பென்ஸ் இருக்காரா? மிஸஸ் டக்கர் பேசறேன்."

"நான் அவர் பொண்ணு."

"ஷெர்னெட்டா? அடடா. உங்கிட்ட சொல்லக்கூடாதேம்மா. உங்க அப்பா என்னை மடக்கி வெச்சிருக்கார். நல்ல சேதின்னா நான் சொல்லிக்கறேன், கெட்டதுன்னா அவ சாப்பிட்டப்புறம் சொல்லிக்கறேன், எதுவா இருந்தாலும் முதல்ல எனக்குன்னு. அன்னிக்கு மழையில என்னை வீட்டுல இறக்கி விட்டார். வழியெல்லாம் இதயத்துக்கு எத்தனை அறைன்னு என்னையே கேள்வி கேக்கறார்!" அந்த அம்மாள் சிரித்தார். "அவர் எப்ப வருவார்?"

ஷெர்னெட் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகச் சின்ன மேஜையும் அதன்மேல் யாரும் தொடாத மீனும் தெரிந்தன.

"இன்னிக்கு ராத்திரி வருவார்."

"அப்ப நீயே சொல்லிடும்மா. நல்லாவே தேறியிருக்கே. அந்த நாலை யாரும் இனிமே கேக்க மாட்டாங்க. செப்டம்பர்ல வெள்ளை ஷூவோட வந்து சேரு. நான் சொன்ன மாதிரியே அவருக்குச் சொல்லணும், சரியா?"

"சொல்லிடறேன் மிஸ்."

அவள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "சேத்துக்கிட்டாங்க" என்றாள்.

மெர்லின் தட்டை ஓரல் கையில் திணித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். "வலது மேலறை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "அழுக்கு ரத்தம்!" என்று தார்ப்பாய்க்கடியில் இருந்த அத்தனை டாக்ஸி ஜனமும் பதில் கொடுத்தது. "இடது மேலறை!" "சுத்த ரத்தம்!" டாமினோ மேஜை அதிர்ந்தது.

அத்தை மட்டும் அறைக்குள்ளேயே நின்றாள். மூக்கைப் பாவாடை ஓரத்தில் அழுத்தித் துடைத்தாள்.

"ஓரல், தட்டை வை. கட்டிலைப் பிடி."

"இப்பத்தானே நகத்தினோம்?"

"பழைய இடத்துல போடு. அலமாரியையும் தள்ளு. வர்றவன் எங்கே உக்கார்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டா நிப்பான்? உக்காந்து நிதானமா கேட்டுட்டுப் போகட்டும். விடிஞ்சப்புறம் நகத்திக்கலாம்."

ஓரல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்தான்.

கட்டில் ஜன்னலோரம் வந்து சேர்ந்தது. ஷெர்னெட் விரிப்பை விரித்து, மூட்டையிலிருந்து அவர் தலையணை உறையை எடுத்துப் போட்டாள். போனைச் சார்ஜரில் செருகி அதன் இடத்தில் வைத்தாள். வெளியே பாட்டு ஆரம்பித்தது. யாரோ கரண்டியைத் தேடினார்கள். அவள் கட்டிலின் கால்மாட்டில், அப்பாவுக்கு இடம் விட்டுச் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.