அரை மணி நேரப் பொத்தான்கள்

அத்தான் திரையிலிருந்த பொத்தானை மூன்றாவது முறை அழுத்தினார். கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கை வெளியே வரவேயில்லை என்று அக்கா போனில் சொல்லி அழுதாள்.

பக்கவாதம் வந்து நான்கு மாதம். பேச்சு போய்விட்டது, வலது கையில் அந்த ஒரு விரல் மட்டும் மெல்லத் திரும்பி வந்தது. அதை நம்பித்தான் எட்டுப் பொத்தான்கள் வைத்து ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம் பேசும். இப்போது விரலும் போய்க்கொண்டிருக்கிறதா என்பதுதான் அந்த வீட்டின் பயம். போன வாரம் நானே போய் நிரலை மூடித் திறந்து எட்டையும் தட்டினேன். கணீரென்று பேசின. “கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா” என்று பெரிய மேதாவி மாதிரி சர்டிபிகேட் கொடுத்தேன். அப்படியானால் கோளாறு எங்கே என்று அர்த்தம்? படியிறங்கும்போதுதான் உறைத்தது. அத்தான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது நிரல் காலையிலிருந்து சும்மா திறந்து கிடந்தது. திரையில் ஒரே தூசி. துடைத்துவிட்டுப் போகிற போக்கில் ஒரு பொத்தானைத் தட்டினேன். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. மவுசால் அழுத்தினேன். ம்ஹூம்.

“அக்கா! ஓடி வா! என் விரலுக்கும் பேச மாட்டேங்குது!”

அக்கா ஈரக்கையோடு வந்தாள். “அதுக்கு ஏன்டி இந்தக் குதி குதிக்கிற?”

“அத்தான் கையில ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னோடது.”

“நல்லா பாத்துச் சொல்லு. அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்ன.”

பார்த்தேன். திரையில் ஜன்னல், பொத்தான்களை வரைகிற பெரிய நிரல் தொகுப்பு ஒரு கணினி மொழியில் இருக்கிறது. நாங்கள் எழுதுவது வேறு மொழியில். இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பதைப் பைண்டிங் என்போம். முகம் பார்த்திராத நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் அதைக் கட்டுகிறோம். பொத்தான் பகுதி என்னுடையது. அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை அந்தப் பக்கம் கொடுத்த பிறகும் இந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்தாயிற்றே என்று நான் விட்டிருந்தேன். எங்கள் மொழிக்கு அவ்வப்போது வீடு பெருக்கும் பழக்கம் உண்டு. யாரும் பிடித்திராததைக் குப்பையென்று தள்ளிவிடும். அரை மணி நேரத்தில் எட்டுப் பொத்தானும் வெறும் படம்; மூடித் திறந்தால் மறுபடி பேசும். பொத்தான்களைச் சரிபார்க்க நான் எழுதிய தானியங்கிச் சோதனையோ ஜன்னலைத் திறந்து, அழுத்தி, இரண்டே வினாடியில் மூடிவிடும். ஆறு மாதம் அது பாஸாகிக்கொண்டே இருந்தது, பாவி.

சாப்பாட்டு மேசையிலேயே திருத்தினேன். மூன்று வரி. நிரலைத் திறந்து வைத்துவிட்டுத் திருத்தத்தைக் ‘கறார்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருப்பவருக்கு அனுப்பினேன். எங்கள் குழுவில் எதையும் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர். பாராட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. திருத்தம் சரி, சோதனையை மாற்று என்றிருந்தார். கூடவே, பிழையைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கே என்றும் கேட்டிருந்தார். அது எங்கள் வழக்கம். பிழை சொன்னவர் பெயரைக் குறிப்பில் எழுதாமல் எதுவும் உள்ளே போகாது.

என் பெயரைத் தட்டப் போன கை நின்றது. திரும்பத் திரும்ப அழுத்தி இந்தப் பிழையை முதலில் சொன்னவர் கட்டிலில் அல்லவா இருக்கிறார்! அத்தான் பெயரை எழுதி, லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இதைக் கண்டுபிடிச்சது நீங்க அத்தான். நாந்தான் கேக்கல. மன்னிச்சிருங்க.”

தன் பெயரையே வெகுநேரம் பார்த்தார். பெரிய திரையில் நிரல் ஒன்றரை மணி நேரமாகத் திறந்திருந்தது.

“ஏங்க, ஒரே ஒரு தடவ” என்றாள் அக்கா.

போர்வை அசைந்தது. விரல் வெளியே வந்து, தயங்கி, தொட்டது.

“விளக்கைப் போடு” என்றது கம்ப்யூட்டர்.

பட்டப்பகல். ஜன்னல் வழியே வெயில் கட்டில்வரை கிடந்தது. அக்கா ஓடிப்போய் விளக்கைப் போட்டாள்.

“விளக்கை அணை.”

அணைத்தாள்.

“விளக்கைப் போடு.”

“கொழுப்பப் பாரு இந்த மனுஷனுக்கு!” என்று கத்தினாள் அக்கா, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.