ஆரோக்கியநாதரின் நாய்

கெய்சரின் நிறத்தைத்தான் ஆரோக்கியநாதரின் நாய்க்கும் அடித்திருந்தார்கள். அந்த வருடம் கோயில் சுரூபத்துக்குப் புது வண்ணம் பூசும் செலவைத் தேவசகாயம் சார் ஏற்றுக்கொண்டார். பெயின்டரைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து தான் வளர்க்கும் கெய்சரைக் காட்டினார். செம்மண் நிற உடம்பு, வெள்ளை நெஞ்சு, கறுத்த முகம். வாயில் ரொட்டியோடு புனிதரின் காலடியில் நிற்கும் நாய் ஒரே வாரத்தில் பாக்ஸர் நாயாகிவிட்டது. ஊரே சிரித்தது. சார் மட்டும் பூசைக்கு வந்தால் முதலில் நாயைத்தான் பார்ப்பார்.

அவர் போலீசில் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில் தோப்புக்குள் வீடு, பின்னால் நாய்க் கூண்டுகள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றபிறகு நான் அங்கே வேலைக்குப் போனேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. நாய்களிடம் அந்தத் தொல்லை இல்லை. கூண்டு கழுவுவேன், சோறும் மாட்டுக்கறியும் வேகவைப்பேன், உண்ணி பொறுக்குவேன். கெய்சரின் மகள் ஜூலி என் கைக்குத்தான் சாப்பிடும். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே முகம். சென்னையிலும் பெங்களூரிலும் கோப்பை வாங்கிய முகம் அது. வெளி ரத்தம் சேர்ந்தால் அது கலைந்துபோகும் என்று சார் நினைத்தார். அதனால் ஜூலியைக் கெய்சரோடே சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

ஜூலியோடு பிறந்தவற்றில் இரண்டு அதற்குள் செத்துப்போயிருந்தன. ஒன்றை வாங்கிய வானூர்க்காரர்கள் அது சாகக் கிடந்தபோது காரில் கொண்டுவந்து கூண்டு வாசலில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். அதன் தாடைக்கு அடியில் தடவியதும் என் விரல் நின்றுவிட்டது. தோலுக்குள் வேப்பங்கொட்டை அளவில் உருண்டது ஒரு கட்டி. என் அப்பாவின் கழுத்திலும் முதலில் அப்படித்தான் வந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்ததால் என்றார்கள். மாதா கோயில் எண்ணெய் தடவினார்கள். அடுத்த தவசுக்காலத்துக்கு அப்பா இல்லை.

மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில், அஸ்வினி என்ற கால்நடை டாக்டர் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்தார்.

"இந்த மாதிரி ஜாதி நாய்களுக்குப் புத்துநோய் வம்சத்துல வருதான்னு ரத்தத்துல தேடறோம் சார். நோய் வந்தது, வராதது, ரெண்டும் வேணும். எது எதோட குட்டின்னு உண்மையா சொன்னாதான் பிரயோஜனம்."

"தேடி இன்னா பண்ணப் போறீங்க?"

"தெரிஞ்சிட்டா, சேர்க்கறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிடலாம்."

"சர்க்கார் செலவா?"

"இல்ல சார். நாய் வளர்க்கறவங்க சங்கம் ஒண்ணு கொடுக்குது. பத்தல. உங்கள மாதிரி ஆளுங்ககிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சார் சிரித்தார். "நான் ஆரோக்கியநாதருக்கு பெயின்ட்டு வாங்கிக் குடுத்துட்டேன்மா. அவரு பாத்துப்பாரு." பிறகு சிரிப்பு போனது. "செத்ததுங்க வேற நாயோட குட்டிங்க. கெய்சர் ரத்தத்துல ஒரு கொறையும் கெடையாது."

ரத்தம் எடுப்பதற்காக ஜூலியை நான் அணைத்துப் பிடித்திருந்தேன். அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"கெய்சர் குட்டிங்கதான் சார். இவ கூடப் பொறந்ததுங்க."

பேசியது நான்தான் என்று எனக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அட, ஊமைக்கு வாய் வந்துட்ச்சே!" என்றார் சார். "சம்பளம் பத்தலன்னு கூட கேக்காத பொண்ணு டாக்டர் இந்த வெனிலா." பிறகு கெய்சரின் பக்கத்தில் கீழே உட்கார்ந்து அதன் முன்னங்காலைத் தானே நீட்டிக் கொடுத்தார். "எடுத்துக்கோம்மா." டாக்டர் கிளம்பும்போது ஐஸ் பெட்டியின் மேல் கொஞ்சம் பணமும் வைத்தார். "கண்டுபுடிச்சி சொல்லு. அது வரிக்கும் ஜூலிய சேக்க மாட்டேன்."

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நாய்க்குன்னா பொட்டி தூக்கினு வர்றாங்க. உங்கப்பன இட்டுகினு நான் அலஞ்சப்ப எவன்டி வந்தான்?" அம்மா சொன்னதும் நியாயம்தான். ஜூலி பிழைக்க வேண்டும் என்று எனக்கு இருந்ததும் நியாயம்தான்.

அடுத்த மாதமே ஜூலி பருவத்துக்கு வந்தது. சார் கெய்சரை முன்னறையில் பூட்டினார். அது சாப்பிடாமல் கதவைப் பிறாண்டியது. அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சார் பேப்பர் படித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொங்கல் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, சென்னையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வெயில் ஏறியபோது ஜூலிக்கு மறுபடியும் பருவம் வந்தது, கெய்சர் மறுபடியும் முன்னறைக்குள் அடைபட்டது.

"நீயே பேசு. உன் பேச்சுக்குத்தானே நான் கட்டுப்பட்டேன்" என்று சார் டாக்டரின் எண்ணைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

"வெனிலாவா?" டாக்டரின் குரல் களைத்திருந்தது. "சங்கம் இந்த வருஷம் பணம் தரலம்மா. பாதி ரத்தம்கூடப் பார்க்கல. நானும் வேற வேலைக்கு மாறிட்டேன்."

"ஜூலி ரத்தம் மேடம்?"

"ஃப்ரீசர்ல இருக்கு. கரண்ட் இருக்கற வரைக்கும் இருக்கும்."

"சேக்கலாமா மேடம்?"

"வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா அதுக்கு எங்கிட்ட ஆதாரம் எதுவும் இல்லம்மா."

டாக்டர் சொன்னதை அப்படியே சாரிடம் சொன்னேன். "நான் காத்துகினுதானே இருந்தேன்? கெய்சருக்கும் வயசாவுது. இன்னும் எத்தினி நாளு?" குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சாயங்காலம் முன்னறைக் கதவை அவரே திறந்துவிட்டார்.

ஆடி பிறந்ததும் ஆறு குட்டிகள். ஆறுக்கும் கெய்சர் முகம். அவை கண் திறந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிய சமயத்தில், ஜூலிக்குச் சோறு ஊட்டும்போது என் விரல் மறுபடியும் நின்றது. சாரைக் கூப்பிட்டேன். அவரும் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"பாலு குடுக்கற ஒடம்பு. ஏதாவது கட்டிகினு இருக்கும்."

"தாடையிலயா சார்?"

அவர் குட்டிகளைப் பார்த்தார். "இதுங்களுக்கும் வரும்னு யாரு சொன்னா? அந்த டாக்டரம்மாவே சொல்லலியே."

ஆரோக்கியநாதர் திருநாள் வந்தது. எங்கள் ஊரில் மருவோ கட்டியோ இருப்பவர்கள் அன்று புனிதரின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். உப்பு கரைவது மாதிரி கட்டியும் கரைந்துவிடும். அப்பாவுக்காக அம்மா கொட்டியிருக்கிறாள். நான் டப்பாவிலிருந்து உப்பு எடுப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த நாய்க்குத்தானே? இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ. யாருக்குன்னு கேட்டா எங்கம்மாவுக்குன்னு சொல்லிடு. நாய்க்குன்னா சிரிப்பாளுங்க."

கோயிலில் ஒருவரும் கேட்கவில்லை. நான் புனிதரின் காலடியில் போடாமல் நாயின் காலடியில் போட்டேன். கூட்டம் நகரும்போது அதன் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வாயில் ரொட்டி அப்படியே இருந்தது.

தோப்புக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு கார் நின்றது. சார் ஒரு குட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார். "அப்பன் முகம் பாருங்க சார், அச்சு." வந்தவரின் மனைவி அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "தாயும் நல்லா இருக்குதா?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வெனிலா, ஜூலிய உள்ளயே வெச்சுக்கோ" என்றார்.

நான் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜூலி எழுந்து வந்து என் வலது கையை முகர்ந்தது. விரலிடுக்குகளில் ஒட்டியிருந்த உப்பை மெதுவாக நக்க ஆரம்பித்தது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜூலி காதை நிமிர்த்தியது, மறுபடியும் நக்கியது. அது விழுங்கும்போதெல்லாம், தாடைக்கு அடியில் வைத்திருந்த என் இடது கைக்குள் அந்தக் கட்டி ஏறி இறங்கியது.