கண்ணாடியில் ஒற்றை ஒயர்

வேனுக்குள், டிரைவர் பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் இரண்டு சிவப்பு ஒயர்கள் தொங்க வேண்டும். ஒன்றுதான் தொங்கியது.

லிஃப்ட் மெக்கானிக் சாவியைத் திருகாமல் அதையே பார்த்தான். பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான் என்பதால் கம்பெனியில் அவனுக்குப் 'பூட்டு' என்றே பெயர்.

அந்த ஒயர் லிஃப்டை ஏமாற்றுவதற்கு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது நகர்ந்தாக வேண்டும். ஒயரை மாட்டிவிட்டால், கதவு மூடியிருப்பதாக நம்பி ஓடும். ஆளுக்கு ஒன்று. கழற்றி வந்து கண்ணாடியில் தொங்கவிட்ட பிறகுதான் வேன் கிளம்பும்.

"உன்னுது எங்கடா, மாப்ளே?"

பக்கத்தில் இருந்த மச்சினன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதோ தொங்குதே, மாமா."

"அது என்னுது."

"பேர் எழுதியிருக்கா?"

இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை. பூட்டு மச்சினனின் பையைப் பிடுங்கிக் கொட்டினான். சட்டையைத் தடவினான். இல்லை. காலையிலிருந்தே இவன் சரியில்லை. லிஃப்ட் கூரைமேல் நின்றபடி போனில் சிரித்தவன்.

"எங்கக்காவைக் கட்டினதுலேர்ந்து இப்படித்தான். வீட்ல சர்க்கரை கொறஞ்சாலும் என்னைத்தான் பாக்கறீங்க."

"எங்க விட்டேன்னு சொல்லு."

"விடல. இப்ப போய் நிறுத்தினா இந்தக் கட்டட மேனேஜர் நம்ம ஆபீசுக்குப் போன் போடுவான். எனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங். வேலை போச்சுன்னா நீங்கதான் சோறு போடணும்."

பூட்டு கட்டடத்தைப் பார்த்தான். மூன்றாவது மாடியில் கண் மருத்துவமனை. கண்ணில் கட்டோடு ஒருவர் மகள் தோளைப் பிடித்தபடி வாசலுக்குள் நுழைந்தார். யார் விட்டது என்று இங்கே உட்கார்ந்து விசாரிக்கலாம். அதுவரை லிஃப்ட் சும்மா இருக்காது.

இறங்கி ஓடினான். ஏறப்போனவர்களைத் தடுத்து, சாவி போட்டு லிஃப்டை நிறுத்தினான்.

"இப்பத்தானேய்யா சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?" மேனேஜர் பின்னால் வந்த மச்சினனைப் பிடித்துக்கொண்டான். "நீ போன் பேசும்போதே நெனச்சேன்."

பூட்டு முதலில் லிஃப்ட் கூரையைத்தான் பார்த்தான். மச்சினன் வேலை செய்த இடம். தடவித் தடவித் தேடினான். ஒயர் இல்லை. எடுத்து ஒளித்துவிட்டானோ என்றுகூடத் தோன்றியது.

மிச்சம் இருந்தது மாடி மெஷின் ரூமில் உள்ள மின்பெட்டி. அதை மூடியது மச்சினன் அல்ல, அவனேதான். திறந்தான். உள்ளே ஒயர் சிவப்பாக வளைந்து கிடந்தது.

பாதி வேலையில், கீழே மச்சினன் ஒழுங்காகச் செய்கிறானா என்று பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து பெட்டியை மூடியிருந்தான். பூட்டை இழுத்துக்கூடப் பார்த்திருந்தான்.

கழற்றினான். உள்ளங்கைக்குள் அடங்கியது. சட்டைப் பைக்குள் போட்டால் கேட்க ஆளில்லை. படி வழியே மேனேஜர் குரல் ஏறி வந்தது. இன்னும் மச்சினனைத்தான் வறுத்துக்கொண்டிருந்தான்.

பூட்டு கீழே வந்து இருவருக்கும் நடுவில் ஒயரை நீட்டினான்.

"அவனை விடுங்க. நான் மாட்டி நான் மறந்தது. கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடியிருக்கும். ஆபீசுக்குச் சொன்னா என் பேரைச் சொல்லுங்க."

மேனேஜர் போனை எடுத்தான்.

லிஃப்டைச் சோதித்து ஓடவிட்டு வேனுக்கு வந்தார்கள். கண்ணாடியில் இரண்டும் தொங்கின. பூட்டு சாவியில் கை வைத்தான்.

"இருங்க, மாமா."

மச்சினன் எட்டி, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான். பிறகு பூட்டின் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தான்.

பூட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான்.