இடம் மாறிய மாத்திரைகள்

கணவனின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் மூத்தவள் திணறிக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் மனைவி ஒத்தாசைக்கு வந்தாள்.

"நகருங்கக்கா, நான் போட்டு விடறேன்."

"வேணாம். நீ போய் உன் புருஷனைப் பாரு."

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டுமே! புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு முகம் சுண்டினால் என்ன குடியா முழுகிவிடும்?

ஒரே கல்பட்டறையில் தூசியை விழுங்கி அண்ணன், தம்பி இருவருக்குமே நுரையீரல் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. சின்னவள் வேலைக்குப் போகிறவள் என்பதால் இரண்டு டப்பாவையும் மூத்தவள்தான் வாங்கி வருவாள்.

முதல் மாதமே சின்னவள் ஆரம்பித்துவிட்டாள். "இப்பல்லாம் அவரு நல்லாத் தூங்கறாருக்கா."

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். நல்ல வேலை, காற்றோட்டமான மாடி அறை, சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன், எல்லாம் இவளுக்கே வாய்த்தது போதாதா? நிஜ மருந்தும் இவள் வீட்டுக்குத்தானா? அடுத்த மாதம் டப்பாக்கள் வந்ததும் மூத்தவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரைகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக் கொட்டினாள். அதன்பின் ஒரு மாதமும் தவறவில்லை.

அப்படியும் கொழுந்தன்தான் தேறினான். கணவன் நாளுக்கு நாள் கரைந்தார். வெறும் மாத்திரையைத் தின்றே எழுந்து நடமாடுகிறானே, அவள் யோகத்தைப் பார் என்று பொருமித் தீர்த்தாள் மூத்தவள்.

துக்கம் கேட்க அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். அவரைப் பார்த்ததும் மூத்தவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"எங்க வீட்டுக்காரருக்கு வெறும் மாத்திரையைத்தானே குடுத்தீங்க?"

"இல்லம்மா. ஒருத்தர் தவறிட்டா அவருக்கு எதைக் குடுத்தோம்னு எடுத்துப் பாப்போம். காலையிலதான் பாத்தேன். உங்களவருக்கு முதல் நாள்லேர்ந்தே நிஜ மருந்துதான்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் கேக்கலைன்னு எங்களுக்கும் புரியல. இவர் விஷயத்துல மருந்து பலிக்கலைன்னுதான் எழுதணும்."

மூத்தவளின் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றது.

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். "மாமாவுக்குத்தான் அது கிடைக்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டேங்கக்கா. கிடைச்சும் பிரயோஜனம் இல்லாமப் போச்சே!"

மூத்தவள் டாக்டரம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

அப்போதுதான் யாரோ கொழுந்தனைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்தார்கள். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் "அண்ணா..." என்று அவன் கதறினான். அந்தக் குரல் அறையை நிறைத்து, வாசலைத் தாண்டி, தெருவரைக்கும் நீண்டுகொண்டே போனது. இடையில் எங்கேயும் மூச்சு அறுபடவில்லை.