வந்தது போகாமல்

"செத்தவன் ரேடியோவுல பேசறானாம். அத்த நிறுத்தணும், மிஸ்திரி" என்றார் உமர் பாரூக் பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேய் பிசாசெல்லாம் எர்த் சரியில்லாத வீட்டில்தான் குடியிருக்கும் என்பது என் கட்சி. யுத்தத்தில் ஒயர்லெஸ் பிரிவில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து, மீஞ்சூர் ஸ்டேஷன் எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் வேறெப்படிப் பேசுவான்?

பாய் சிரிக்கவில்லை. அவர் தங்கை மரியம் பீவியின் புருஷன் அப்துல் வஹாப், பழவேற்காட்டிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு தோணியில் போனவர். ஐந்து வருஷமாகத் தோணியும் இல்லை, ஆளும் இல்லை. இறந்துவிட்டதாக ஜமாத்தில் முடிவு செய்துவிட்டார்கள். நாளை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவள் இத்தாவில் உட்கார வேண்டும். நாலு மாதம் பத்து நாள் புருஷனுக்குத் துக்கம் காக்க வேண்டும். அவளோ மாட்டேன் என்கிறாள். கூப்பிடுகிற மனிதருக்கு யாராவது இத்தா இருப்பார்களா என்று கேட்கிறாளாம்.

போய்ப் பார்த்தேன். அவள் இப்போது இருக்கிற பாய் வீட்டுக்கு எதிரே நெல் மில். ரேடியோவில் பாட்டுக்கு நடுவே கரகரவென்று ஓர் இரைச்சல், விட்டு விட்டு. 'ம்ரீ... ம்ரீ...' மரி என்றுதான் வஹாப் அவளைக் கூப்பிடுவாராம்; அவள் புருஷனை மச்சான் என்பாளாம். மில் மோட்டாரில் பொறி பறக்கிற சத்தம் அது, பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நெருக்கமான பித்தளைக் கம்பிவலையை வெட்டி, பெட்டியை நாலு பக்கமும் மேலும் கீழும் மூடினேன். ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்தேன். ஏரியலிலிருந்து இறங்கும் ஒயருக்கும் வலையையே உறையாகச் சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து எர்த்தில் கொடுத்தேன். இரைச்சல் பட்டென்று நின்றது. மதராஸ் ஸ்டேஷனின் நாகசுரம் சுத்தமாகக் கேட்டது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

மரியம் பீவி கதவோரம் வந்து நின்றாள். "இன்னாண்ணே பண்ண?"

"வலை போட்டேம்மா. வெளியிலேர்ந்து இனிமே எதுவும் உள்ள வராது."

அவள் வலையையே பார்த்தாள். "எங்க பழவேற்காட்டுல வராம இருக்கவா வலை போடுவாங்க? வந்தது போவாம இருக்கத்தான் போடுவாங்க."

நான் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை.

"அவரு மொதல்லயே வந்துட்டாருண்ணே. அப்பாலதான் நீ மூடின."

"சத்தம் நின்னுச்சா இல்லியா?" என்று பாய் அதட்டினார். "நாளிக்கு உக்காந்துதான் ஆவணும்."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வலை போட்டவன் நீ. உள்ள யாரும் இல்லன்னு நீ சொல்லு. ஒக்காந்துக்கறேன்."

இதென்ன பெரிய காரியம்? ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஏரியலையும் கழற்றிப் போட்டேன். டயல் விளக்கு அணைந்து, நாகசுரம் நின்றது. எதிரே சாப்பாட்டு வேளைக்கு மில்லையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். தெருவே அடங்கிக் கிடந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

'ம்ரீ.'

மெதுவாகத்தான் வந்தது. பித்தளை வலையின் ஒரு பக்கம் வெளியே புடைத்து, அடங்கி, மறுபடி புடைத்தது. கையை வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து எதுவோ இடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சொல்லு மிஸ்திரி" என்றார் பாய். அவர் கண்ணும் வலையிலேயே இருந்தது. "யாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்."

நான் மேஜையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

மரியம் பீவி அதற்குமேல் காத்திருக்கவில்லை. மேஜை முன்னால் மண்டியிட்டு, நான் தைத்த செம்புக் கம்பியை ஓரத்திலிருந்து ஒவ்வொரு முறுக்காகப் பிரிக்கத் தொடங்கினாள். கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்தது. அவசரப்படவில்லை. உள்ளே இருப்பதற்கு அடிபட்டுவிடக் கூடாதே என்பதுபோல வலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க மச்சான்" என்றாள். "ஆடாதீங்க. இதோ, இன்னும் ரெண்டே முடிச்சுதான்."